'கவனம் இல்ல'ன்னு டைரியில எழுதி அனுப்பறாங்க, என் பொண்ணுக்கு ஏடிஹெச்டியா டாக்டர்?

ஈரோடு மாவட்டத்துல இருந்து ஒரு அம்மா நீளமா ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஸ்கூல் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். பொண்ணுக்கு ஒன்பது வயசு, அஞ்சாங்கிளாஸ், தனியார் ஸ்கூல். மூணு வயசு முடியறதுக்கு முன்னாடியே எல்கேஜியில சேத்துட்டதால கிளாஸ்லயே அவதான் சின்னவ. இந்த வருஷம் டைரியில சிவப்பு மையில 'கவனக்குறைவு, கான்சன்ட்ரேஷன் இல்லை'ன்னு திரும்பத் திரும்ப எழுதி வருது. போர்டுல இருக்கறத பாதி எழுதி பாதி விட்டுடறா, கணக்குல கூட்டல் குறிய கழித்தலா எடுத்துக்கறா, கொஸ்டின் பேப்பர திருப்பிப் பாக்காம பின்பக்கத்த அப்படியே விட்டுட்டு வந்துடறா, தண்ணி பாட்டில், ரப்பர், ஸ்கேல் எதுவும் ஒழுங்கா வீடு வந்து சேர்றதில்ல, அரை மணி நேர ஹோம்வொர்க் ராத்திரி பத்து மணி வரைக்கும் இழுக்குது, காலையில அஞ்சரைக்கு எழுப்பினாதான் ஏழு மணி வேன பிடிக்க முடியும். ஆனா கிளாஸ்ல சத்தம் போடறதில்ல, யார்கூடவும் சண்டை இல்ல, ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு அமைதியா உக்காந்திருப்பாளாம். கோல நோட்டும் கலர் பென்சிலும் குடுத்தா மட்டும் ரெண்டு மணி நேரம் தலை நிமிர மாட்டா.

அப்பத்தா 'அவ பராக்கு பாக்கறவ, வயசு ஏறினா சரியாயிடும்'ங்கறாங்க. வீட்டுக்காரர் எல்லாத்துக்கும் செல்போன்தான் காரணம்ங்கறார். சொந்தக்காரர் ஒருத்தர் இது ஏடிஹெச்டியேதான் (கவனம் நிக்காம போறது, அளவுக்கு மீறின துறுதுறுப்பு சம்பந்தப்பட்ட கோளாறு), டாக்டர்கிட்ட போனா போதை மாத்திரை குடுத்து புள்ளைய மந்தமாக்கிடுவாங்கன்னு பயமுறுத்தியிருக்கார். ஸ்கூல்ல 'டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க, இல்லன்னா அடுத்த வருஷம் டிசி வாங்கிக்கங்க'ன்னு வாய்வார்த்தையா சொல்லிட்டாங்க. ஒரு நாள் கோபத்துல கரண்டியால அடிச்சுட்டதாவும் அன்னிக்கு ராத்திரி அம்மாவும் பொண்ணும் ரெண்டு பேருமே தூங்கலன்னும் எழுதியிருக்காங்க. கடைசியில, 'நானும் சின்ன வயசுல இப்படித்தான் டாக்டர், இப்பவும் பால அடுப்புல வெச்சுட்டு மறந்துடறேன். கவனக்குறைவு, கவனச்சிதறல், ஏடிஹெச்டி எல்லாம் ஒண்ணுதானா?'ன்னு கேட்டிருக்காங்க.

அம்மா, நீங்க கடைசியா கேட்ட கேள்வியில இருந்தே ஆரம்பிக்கறேன். உங்க வீட்டுல அப்பத்தா ஒரு வார்த்தை, அப்பா ஒரு காரணம், சொந்தக்காரர் ஒரு நோய், டீச்சர் ஒரு புகார்னு நாலு பேரும் ஒரே குழந்தைய பத்தி நாலு விதமா பேசறாங்க, நடுவுல நீங்க மாட்டிக்கிட்டு இருக்கீங்க. முதல்ல யாரு எத சொல்றாங்கன்னு பிரிச்சுப் பாத்தா பாதி பயம் போயிடும்.

எல்லாம் ஒண்ணு இல்ல

கவனக்குறைவுங்கற வார்த்தைய நாம எங்க அதிகமா பாக்கறோம்? பேப்பர்ல 'டிரைவரின் கவனக்குறைவால் விபத்து', 'ஊழியர்களின் கவனக்குறைவே காரணம்'னு வரும். கவனமா இருந்திருக்க முடியும், ஆனா இருக்கல, அதனால தப்பு அவங்க மேலதான்னு அந்த வார்த்தையிலயே ஒரு குத்தச்சாட்டு சேந்து வந்துடுது. அத ஒன்பது வயசு குழந்தையோட டைரியில சிவப்பு மையில எழுதும்போது குழந்தையும் அப்படித்தான் படிக்கும், வீட்டுல நாமளும் அப்படித்தான் படிப்போம். நீங்க கரண்டிய எடுத்த அன்னிக்கு உங்க மனசுலயும் 'வேணும்னே பண்றா'ங்கற எண்ணம் இருந்திருக்கும்னு நினைக்கறேன்.

கவனச்சிதறல் அப்படி இல்ல, அது ஒரு நிலைமை. பக்கத்துல டிவி ஓடுது, வயித்துல பசி, மனசுல ஏதோ கவலை, ராத்திரி தூக்கம் பத்தல, இதுல எது இருந்தாலும் எனக்கும் உங்களுக்கும் டீச்சருக்கும் கவனம் சிதறும், காரணம் போச்சுன்னா அதுவும் போயிடும். அசட்டைன்னா அக்கறையே இல்லாம இருக்கறது, உங்க பொண்ணு தப்பா எழுதிட்டு வந்து அழறான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அக்கறை இல்லாத குழந்தை அழாது. அப்பத்தா சொல்ற பராக்கு, வெளியில இருந்து கண்ணுக்குத் தெரியறத சொல்ற வார்த்தை, குழந்தை எங்கயோ பாத்துக்கிட்டு இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது, உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லல.

இந்த வரிசையில ஏடிஹெச்டி மட்டும்தான் டாக்டர் வைக்கற நோய்ப்பேர். அத தமிழ்ல எழுதும்போது கவனக்குறைவு, மிகை இயக்கம் (அதாவது துறுதுறுப்பு)ங்கற வார்த்தைகளத்தான் போட்டு எழுதறாங்க, அதனாலதான் டீச்சர் 'கவனக்குறைவு'ன்னு எழுதினதும் உங்க சொந்தக்காரர் நேரா அங்க தாவிட்டார். டீச்சர் எழுதினது அவங்க கிளாஸ்ல பாத்தத. அது காய்ச்சல் மாதிரி, காய்ச்சல் அடிக்குதுன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம், டைபாய்டா சளியா டெங்குவான்னு அதுலயே தெரியாது.

அதனால நான் முதல்ல சொல்ற வேலை, டீச்சர்கிட்ட கேட்டு வாங்கறது. டைரியிலயே பணிவா எழுதுங்க: 'வணக்கம் மிஸ். எந்த பாடத்துல, எந்த நேரத்துல, என்ன வேலை செய்யும்போது கவனம் போகுதுன்னு ரெண்டு வாரம் கவனிச்சு சொன்னா உதவியா இருக்கும். பேர் சொல்லி கூப்பிட்டா உடனே திரும்பறாளா, முன்னாடி பெஞ்ச்ல உக்கார வெச்சா மாற்றம் தெரியுதான்னும் பாத்து சொல்லுங்க.' இந்த பதில் ஒரு டாக்டருக்கு பத்து டைரிக் குறிப்பவிட உபயோகமா இருக்கும். கணக்குல மட்டும்னா ஒரு வழி, எழுதற வேலையில மட்டும்னா வேற வழி, காலையில முதல் பீரியட்ல மட்டும் தூங்கி வழியறான்னா அது இன்னொரு வழி.

முதல்ல தள்ளி வைக்க வேண்டியது

பராக்குன்னு சொல்லி விட்டுடக்கூடாத ஒண்ணு இருக்கு. குழந்தைங்களுக்கு வர்ற வலிப்புல ஒரு வகை கையும் காலும் வெட்டி இழுக்காம வரும். குழந்தை பேசிக்கிட்டோ எழுதிக்கிட்டோ இருக்கும்போதே திடீர்னு நின்னுடும், கண்ணு ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும், சில சமயம் இமை லேசா படபடக்கும், சில செகண்டுல மறுபடி விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சுடும், நடுவுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கே தெரியாது. கீழ விழறது இல்ல, நுரை தள்றது இல்ல, அதனால யாரும் வலிப்புன்னே நினைக்க மாட்டாங்க. பெரும்பாலும் நாலு வயசுல இருந்து பத்து வயசுக்குள்ள ஆரம்பிக்கும், ஒரு நாள்ல பல தடவை வரலாம், போர்டுல பாத்து எழுதும்போது நடுவுல வரி விட்டுப் போறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

வீட்டுலயே பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. பராக்கு பாக்கற குழந்தைய தோள்ல தொட்டா, இல்ல அதுக்குப் பிடிச்ச ஏதாவது சொன்னா திரும்பிடும். இந்த வலிப்புல தொட்டாலும் அந்த சில செகண்டு திரும்பாது. அதோட, அது சும்மா உக்காந்திருக்கும்போது மட்டும் இல்லாம சாப்பிடும்போது, விளையாடும்போது, பேச்சு நடுவுலயும் வரும். அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா உடனே செல்போன்ல வீடியோ எடுத்து குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் மூளையோட மின் அலைகள பதிவு பண்ற இஇஜி டெஸ்ட் எடுக்கச் சொல்லுவார், மருந்துல பெரும்பாலும் நல்லா கட்டுப்படற நோய் அது. உங்க லெட்டர்ல இருக்கறத வெச்சுப் பாத்தா அப்படித் தோணல, கூப்பிட்டா திரும்பறான்னு எழுதியிருக்கீங்க, இருந்தாலும் ஒரு வாரம் கவனிச்சுப் பாத்துடுங்க.

அடுத்தது கண்ணு, காது, ரத்தம், தூக்கம். ஜன்னல் பக்கம் பாக்கற எத்தனையோ குழந்தைங்களுக்கு போர்டே சரியா தெரியாம இருக்கும், அதுங்களுக்கு மங்கலா தெரியறதுதான் இயல்புன்னு நினைப்பு, நாம கேக்காம அதுவா சொல்லாது. அடிக்கடி சளி பிடிச்சு காதுல நீர் கோத்துக்கிட்டா பாதிப் பேச்சு காதுல விழாது. ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் குறைஞ்ச குழந்தை களைச்சுப்போய் மந்தமா இருக்கும். ராத்திரி குறட்டை விட்டு வாயால மூச்சு விடற குழந்தைக்கு டான்சிலோ மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டு சதையோ வீங்கியிருந்தா எவ்வளவு நேரம் படுத்தாலும் நல்ல தூக்கம் கிடைக்காது. தைராய்டும் பாத்துக்கச் சொல்லி டாக்டர் சொன்னா பாத்துடுங்க.

தூக்கத்துல கொஞ்சம் நிக்கறேன், ஏன்னா உங்க லெட்டர்ல எனக்கு பளிச்சுன்னு தெரிஞ்சது அதுதான். ஆறு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு 9 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும். பத்து மணி வரைக்கும் ஹோம்வொர்க் எழுதிட்டு அதுக்கப்புறம் படுத்து காலையில அஞ்சரைக்கு எழுந்திரிக்கற குழந்தைக்கு ஏழரை மணி நேரம்கூட தேறாது. தூக்கம் குறைஞ்சா பெரியவங்க மாதிரி கொட்டாவி விட்டு சோர்ந்து போறது மட்டும் இல்ல, குழந்தைங்களுக்கு கவனம் நிக்காம போறது, எரிச்சல், மறதி, அழுகைன்னு அது வேற வேஷத்துல வரும். கவனம் போறதால ஹோம்வொர்க் இழுக்குது, ஹோம்வொர்க் இழுக்கறதால தூக்கம் போகுது, தூக்கம் போறதால மறுநாள் கவனம் இன்னும் போகுது. இந்த சுத்தல ஏதாவது ஒரு இடத்துல நாம வெட்டணும், வெட்ட சுலபமான இடம் ராத்திரிதான். எட்டரை மணிக்கு நோட்டு மூடணும், முடியாதது முடியாததா போகட்டும், 'இவ்வளவுதான் முடிஞ்சது'ன்னு நீங்க கையெழுத்து போட்டு அனுப்புங்க. ரெண்டு மூணு வாரம் இத மட்டும் பண்ணிட்டு என்ன மாறுதுன்னு பாருங்க, மாறினாலும் மாறலைன்னாலும் டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

இன்னும் ஒண்ணு, இத மெதுவாத்தான் கேக்கணும். ஸ்கூல்லயோ வேன்லயோ யாராவது கிண்டல் பண்றாங்களா, அடிக்கறாங்களா, தொடக்கூடாத மாதிரி தொடறாங்களான்னு தனியா, அவசரப்படாம, கோவப்படாம கேளுங்க. பயத்துல இருக்கற குழந்தையும் ஜன்னலத்தான் பாக்கும். இந்த வருஷம்தான் இப்படி, போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்னா எனக்கு முதல் சந்தேகமே இந்தப் பக்கம்தான் போகும்.

அப்ப ஏடிஹெச்டின்னு எப்ப சொல்லுவோம்

ரத்த டெஸ்ட்லயோ ஸ்கேன்லயோ இது தெரியாது. உக்காந்து பேசி, வீட்டுலயும் ஸ்கூல்லயும் கேட்டு, குழந்தைய பாத்துத்தான் சொல்லணும். மனநல நோய்கள கண்டுபிடிக்க டாக்டருங்க கையில வெச்சுருக்கற டிஎஸ்எம்ங்கற அமெரிக்க வழிகாட்டி நூலோட ஐந்தாம் பதிப்பு 2013ல வந்துச்சு, அதுல கவனம் சம்பந்தமா ஒன்பது அறிகுறி இருக்கு, குழந்தைங்கன்னா அதுல ஆறாவது இருக்கணும், ஆறு மாசமாவது தொடரணும், பல அறிகுறிகள் பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையிலயே பாதிக்கணும், வேற எந்த நோயும் அத விட நல்லா விளக்கக்கூடாது. ஸ்கூல்ல மட்டும், ஒரே ஒரு மிஸ்கிட்ட மட்டும்னா அது ஏடிஹெச்டி ஆகாது. ஏறக்குறைய நூறு குழந்தையில அஞ்சு பேருக்கு இது இருக்குன்னு உலக அளவுல சொல்றாங்க, அதாவது நாப்பது பேர் இருக்கற ஒரு கிளாஸ்ல ரெண்டு பேர்.

இப்ப நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்ட ரெண்டு விஷயத்த சொல்றேன், வருத்தப்படாதீங்க, இத எங்ககிட்ட வர்ற நிறைய பேர் சொல்றதுதான். 'அவ அமைதியான புள்ள, துறுதுறுன்னு ஓடறதில்ல, அதனால ஏடிஹெச்டியா இருக்காது'ன்னு எழுதியிருக்கீங்க. இதுல மூணு வகை உண்டு: கவனம் மட்டும் நிக்காதது, துறுதுறுப்பும் அவசரமும் மட்டும் இருக்கறது, ரெண்டும் சேந்தது. முதல் வகை குழந்தைங்க யாருக்கும் தொந்தரவு குடுக்காது, அதனால யார் கண்ணுலயும் படாது, குறிப்பா பொண்ணுங்க. மருத்துவமே இத புரிஞ்சுக்க ரொம்ப நாள் எடுத்துக்கிச்சு. 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கற குழந்தை டாக்டர் இந்த மாதிரி குழந்தைங்கள பத்தி உரை நிகழ்த்தினதுல இருந்து ரொம்ப காலம் அடங்காத குழந்தைங்க மேலதான் எல்லார் பார்வையும், அந்த அமெரிக்க நூலோட 1968 பதிப்புலகூட நோய்ப்பேரே மிகை இயக்கத்த வெச்சுத்தான் இருந்துச்சு, 1980லதான் துறுதுறுப்பு இல்லாம கவனம் மட்டும் நிக்காததையும் தனியா எழுதினாங்க. அதனால உங்க அப்பத்தாவுக்குத் தெரியலன்னு அவங்கள குறை சொல்லாதீங்க.

ரெண்டாவது, 'கோலம்னா ரெண்டு மணி நேரம் உக்கார்றா, அப்ப கவனம் இருக்கு, படிப்புல வேணும்னேதான் பண்றா'ங்கறது. ஏடிஹெச்டி இருக்கற குழந்தைக்கும் பிடிச்ச விஷயத்துல கவனம் ஒட்டிக்கும், சில சமயம் மத்தவங்கள விட அதிகமாவே ஒட்டிக்கும். அதுங்களுக்குக் கஷ்டம், பிடிக்காததுக்கும் சலிப்பானதுக்கும் கவனத்த கொண்டு வந்து நிறுத்தறதுலயும், பிடிச்சதுல இருந்து எடுத்து வேற இடத்துல வைக்கறதுலயும்தான். அதனால கோல நோட்ட வெச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஆனா தண்டனையா அந்த கோல நோட்ட பிடுங்கி வைக்காதீங்க, நாள் முழுக்க திட்டு வாங்கற குழந்தைக்கு நல்லா வர்ற ஒரே இடம் அது.

வயசு விஷயமும் இருக்கு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஒன்பது லட்சத்துக்கும் மேல குழந்தைங்கள வெச்சு பண்ணின ஆய்வு 2012ல வந்துச்சு, அங்க டிசம்பர் 31 தான் ஸ்கூல் சேர்க்கைக்கு கணக்கு. டிசம்பர்ல பொறந்து கிளாஸ்லயே சின்னதா இருந்த பையன்களுக்கு, ஜனவரியில பொறந்தவங்கள விட ஏடிஹெச்டின்னு பேர் வைக்கப்பட்டது 30 சதவீதம் அதிகம், பொண்ணுங்களுக்கு 70 சதவீதம் அதிகம். ஒரு வருஷம் சின்னக் குழந்தைய பெரிய குழந்தைகூட ஒப்பிட்டுட்டு 'கவனம் இல்ல'ன்னு சொல்லிட்டாங்க, வளர்ச்சிய நோய்னு எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். உங்க பொண்ணும் கிளாஸ்ல சின்னவ. டாக்டர்கிட்ட போனதும் இத மறக்காம சொல்லுங்க, அவர் அவ வயசு குழந்தைங்கள வெச்சுத்தான் பாக்கணும், அவ கிளாஸ் குழந்தைங்கள வெச்சு இல்ல.

படிக்கறதுலயோ எழுதறதுலயோ கணக்குலயோ தனியா ஒரு கற்றல் குறைபாடு இருந்தாலும் வெளியில இருந்து பாத்தா இதே மாதிரிதான் தெரியும், ஏடிஹெச்டி இருக்கற குழந்தைங்க பல பேருக்கு அதுவும் சேந்தே இருக்கும். குறிய மாத்திப் போடறா, பாதி எழுதறாங்கறதால அந்த டெஸ்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

செல்போன்தான் காரணமான்னா, செல்போன் ஏடிஹெச்டிய உண்டாக்குதுன்னு சொல்ல முடியாது. ஆனா தூக்கத்தையும் விளையாட்டையும் அது சாப்பிட்டுடும், அதனால குறைக்கச் சொல்ற உங்க வீட்டுக்காரர் பேச்ச நான் தள்ள மாட்டேன். குறைக்கறதுன்னா வீட்டுல எல்லாரும் குறைக்கணும்னு அவர்கிட்டயும் சொல்லுங்க.

மாத்திரை பயம்

உங்க சொந்தக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்ல, அதனாலதான் இத விளக்கமா சொல்லணும். ஏடிஹெச்டிக்கு அதிகமா குடுக்கற மீதைல்பெனிடேட் நம்ம நாட்டுல 1985 போதைப்பொருள் சட்டத்துக்குக் கீழ வர்ற மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டாங்க, எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது. சட்டம் அதுமேல கண் வெச்சிருக்கறதால 'போதை மாத்திரை'ன்னு பேர் வந்துடுச்சு. சரியான குழந்தைக்கு, சரியான அளவுல, டாக்டர் மேற்பார்வையில குடுத்தா அது பின்னால போதைப் பழக்கத்த உண்டாக்கறதா ஆய்வுகள் காட்டல. மந்தமாயிட்டா அளவு அதிகம்னோ மருந்து ஒத்துக்கலைன்னோ அர்த்தம், மாத்தணும், அது சரியான வைத்தியத்தோட அடையாளம் இல்ல. பக்க விளைவு உண்டு: பசி குறையும், தூக்கம் தள்ளிப் போகும், சில பேருக்கு தலைவலி, வயித்து வலி, அதனால உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் இடைவெளி விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும். குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே இதய நோய், திடீர் சாவுன்னு இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. அடோமாக்ஸெடின்னு இன்னொரு மருந்து இருக்கு, அது வேற வகை, முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும்.

அமெரிக்காவுல 579 குழந்தைங்கள வெச்சு 14 மாசம் பண்ணி 1999ல வெளியான பெரிய ஆய்வுல, கவனமா அளவு பாத்துக் குடுத்த மருந்து, வெறும் நடத்தைப் பயிற்சிய விட ஏடிஹெச்டி அறிகுறிகள நல்லா குறைச்சுது. ஆனா அடுத்தடுத்த வருஷங்கள்ல அந்த வித்தியாசம் கரைஞ்சு போச்சு. அதனால மாத்திரையே கூடாதுங்கறவங்க சொல்றதையும் கேக்காதீங்க, மாத்திரை போட்டா போதும்ங்கறவங்க சொல்றதையும் கேக்காதீங்க. உங்க பொண்ணு விஷயத்துல இன்னும் மாத்திரை பேச்சுக்கே இடம் வரல, கண்ணு, தூக்கம், டீச்சர் சொல்றது எல்லாம் தெரிஞ்ச பிறகு வர்ற கேள்வி அது.

ஞாபகசக்தி டானிக் பத்தி கேட்டிருந்தீங்க, வல்லாரைய கீரையா சமைச்சுக் குடுங்க, நல்ல கீரைதான், ஆனா விளம்பரத்துல சொல்ற மாதிரி டானிக் இத சரி பண்ணும்னு நம்பி மாசக்கணக்கா காத்திருக்காதீங்க. கண்ணக் கட்டிக்கிட்டு படிக்க வைக்கறோம், நடு மூளைய எழுப்பறோம்னு ஆயிரக்கணக்குல பணம் வாங்கற கிளாஸ் பக்கமே போகாதீங்க, அதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

ஸ்கூல் டிசி குடுக்க முடியுமா

நான் வக்கீல் இல்ல, ஆனா எங்ககிட்ட வர்ற பெத்தவங்களுக்கு இத சொல்லித்தான் அனுப்பறோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாங்கிளாஸ் முடியற வரைக்கும் குழந்தைய ஸ்கூல விட்டு வெளியேத்தக் கூடாது, தனியார் ஸ்கூலுக்கும் இது உண்டு, அடிக்கறதும் மனசளவுல துன்புறுத்தறதும் கூடாதுன்னு 17ம் பிரிவு சொல்லுது. சிறுபான்மையினர் நடத்தற ஸ்கூலா இருந்தா 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் இந்தச் சட்டம் பொருந்தாது, அப்ப ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க. எதுவா இருந்தாலும் வாய்வார்த்தையா சொன்னத எழுத்துல கேளுங்க. சண்டைக்குப் போற தொனி வேண்டாம், 'நீங்க சொன்ன மாதிரி டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம், அதுவரைக்கும் முன் பெஞ்ச்ல உக்கார வெச்சு உதவி பண்ணுங்க'ன்னு லெட்டர் குடுத்து நகல்ல சீல் வாங்கி வெச்சுக்கங்க.

சர்டிபிகேட் விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, அதுல கற்றல் குறைபாடு பேர் போட்டு இருக்கு, ஏடிஹெச்டி தனியா பேர் போட்டு இல்ல. பரீட்சையில கூடுதல் நேரம், எழுத ஆள் மாதிரி சலுகைங்க பெரும்பாலும் கற்றல் குறைபாடு சர்டிபிகேட்ட வெச்சுத்தான் கிடைக்கும். அதனால ஸ்கூலுக்கு நீங்க குடுக்க வேண்டியது 'பரிசோதனை நடக்குது'ங்கற ஒரு வரி டாக்டர் கடிதம் மட்டும்தான், குழந்தையோட முழு ரிப்போர்ட்ட யாருக்கும் தூக்கிக் குடுக்காதீங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த விவரம் ரகசியமா வைக்கப்படணும், கல்யாணம் பேசற வயசுல யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு நீங்க பயப்படறதுக்கும் இதுவே பதில்.

காசு இல்லன்னு தயங்காதீங்க. மாவட்ட தலைமை மருத்துவமனையிலயோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயோ இருக்கற டிஇஐசிங்கற ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துல போய் கேளுங்க, அங்க பாக்கற குறைபாடுகள் பட்டியல்ல கற்றல் குறைபாடும் ஏடிஹெச்டியும் உண்டு, 18 வயசு வரைக்கும் இலவசம். மனநலத் துறை ஓபியும் அங்கேயே இருக்கும். போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

வீட்டுல இன்னிக்கே

நோய்ப்பேர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் நல்லதுதான். ஹோம்வொர்க்க பதினஞ்சு நிமிஷமா துண்டு போட்டு நடுவுல அஞ்சு நிமிஷம் எழுந்து ஓட விடுங்க. 'போய் குளிச்சுட்டு யூனிபார்ம் போட்டு பேக் எடுத்து வை'ன்னு ஒரே மூச்சுல சொல்லாதீங்க, பக்கத்துல போய், பேர் சொல்லி, அவ உங்கள பாத்ததும் ஒரு வேலைய மட்டும் சொல்லுங்க. பேக், பாட்டில், ஷூ மூணுக்கும் கதவுகிட்ட ஒரே இடம். பரீட்சைக்கு முன்னாடி வாரத்துல ஒரு நாள் பழைய பேப்பர குடுத்து, பின்பக்கத்த திருப்பிப் பாக்கறத மட்டும் தனியா பழக்குங்க. சரியா பண்ணினத அந்த நிமிஷமே சொல்லுங்க, 'இன்னிக்கு ரப்பர் வீட்டுக்கு வந்துடுச்சே'ன்னு, ராத்திரி மொத்தமா சொன்னா அவளுக்கு எதுன்னு தெரியாது.

அடிச்சத பத்தி. அடியால கவனம் வராது, அந்த நேரத்துக்கு பயம்தான் வரும். அவகிட்ட போய் 'அன்னிக்கு அடிச்சது தப்பு, நீ வேணும்னே பண்ணலன்னு அம்மாவுக்கு இப்ப புரியுது'ன்னு நேரா சொல்லிடுங்க. பெத்தவங்க மன்னிப்பு கேட்டா மரியாதை போயிடும்னு நினைக்காதீங்க.

உங்களப் பத்தி

லெட்டர்ல ஒரே வரியா ஓரமா எழுதினீங்களே, அத நான் ஓரமா விட மாட்டேன். ஏடிஹெச்டி குடும்பத்துல ஓடற விஷயம், உயரம் மாதிரியே அதுலயும் பரம்பரையோட பங்கு ரொம்பப் பெருசுன்னு இரட்டைக் குழந்தைங்க ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனால இது உங்க வளர்ப்பால வந்ததோன்னு உங்களையே குத்திக்க வேண்டாம். பெரியவங்களுக்கும் இத பாக்கலாம், 17 வயசுல இருந்து ஒன்பதுல அஞ்சு அறிகுறி போதும், ஆனா சின்ன வயசுலயே இருந்ததுக்கு ஆதாரம் வேணும். பால் பொங்கறத மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, புள்ளைக்காக நீங்களும் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கற தூக்கமின்மை, எதுவும் மறதிய கொண்டு வரும், நாலும் பெண்கள்கிட்ட சாதாரணமா இருக்கறது, நாலுக்கும் வைத்தியம் இருக்கு.

பொண்ண கூட்டிட்டுப் போற அன்னிக்கே உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டுடுங்க. உங்க அம்மா வீட்டுல பழைய ரேங்க் கார்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க, அதுல டீச்சருங்க எழுதின வரிய டாக்டர் படிக்கணும். அம்மாவையே கூட்டிட்டுப் போக முடிஞ்சா இன்னும் நல்லது, நீங்க ஒன்பது வயசுல எப்படி இருந்தீங்கன்னு சொல்ல அவங்கதான் சரியான ஆள்.